வெண்டைப் பாத்தியில் உட்கார்ந்தவர்

உட்கார்ந்தது தப்பு என்பது உட்கார்ந்த பிறகுதான் சிவசைலத்துக்குத் தெரிந்தது. குத்தவைத்த மாத்திரத்தில் இடது முட்டிக்குள் என்னமோ இடம் மாறியது. சத்தம் கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். அடுத்த கணம் பின்பக்கமாகச் சாய்ந்து, வெண்டைச் செடிகளின் இரண்டு வரிசைக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார், கையில் களைக்கொத்து அப்படியே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. முதலில் தோன்றியது அதுதான், வலி கூட அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டையைக் கழற்றி வேலிக் கல்தூணில் மாட்டியிருந்தார், சட்டைப் பையில் போன். கத்தரிப் பாத்தியில் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு, பாயட்டும், அதுவரை இந்தக் கோரையைப் பிடுங்கிப் போடுவோம் என்றுதான் வந்தார். கோரை அப்படித்தான், மேலே பிடுங்கினால் போய்விட்டது போல இருக்கும், கீழே கிழங்கு சிரித்துக்கொண்டிருக்கும், மறு வாரம் அதே இடத்தில் பச்சையாக வந்து நிற்கும். தினமும் கொண்டுவரும் பிளாஸ்டிக் முக்காலியின் கால் போன வாரம் கீறல் விட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும், வாங்கவில்லை. ஒரு நாளைக்குக் குத்தவைத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தார். நினைத்தாரா, நினைக்காமலே குத்தவைத்தாரா, அது இப்போது முக்கியமா. எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். அவசரம் ஒன்றுமில்லை. வீட்டில் யார் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

வலது கையை மண்ணில் ஊன்றினார், இடுப்பைத் தூக்கினார், தூக்கிய இடுப்பு ஒரு சாண் எழும்பி அங்கேயே நின்று யோசித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது. வெண்டைச் செடியைப் பிடித்தார். நெஞ்சுயரம் வளர்ந்த செடி, பார்த்தால் ஆள் தாங்கும் போல இருந்தது, பிடித்த இடத்தில் மளுக்கென்று ஒடிந்து, சுணை கையெல்லாம் அரித்தது. ஒடிந்த கிளையில் ஒரு பூ, மஞ்சள், நடுவில் அரக்குச் சிவப்பு. நாளைக்குக் காயாக வேண்டியது. அதை மடியில் வைத்துக்கொண்டார், ஏன் வைத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. மண்டி போட்டுத் தவழ்ந்து போகலாம் என்றால் முட்டி மண்ணில் பட்டாலே கண்ணில் பொறி பறக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதுதான் கஷ்டம், தெரியாதவனாக இருந்தால் பிடித்துக்கொண்டது, சுளுக்கு, வாயு என்று என்னமாவது பேர் வைத்துக்கொள்ளலாம். ஆயுசு முழுக்க அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டியில், கூட்டம் இல்லாத நேரம், தன் முட்டியைத் தானே மேஜையில் நீட்டி, கூட வேலை பார்த்தவனைப் பொத்தானை அமுக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு கருத்த இடைவெளி இருக்க வேண்டும். இல்லை. எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது. ‘யாருக்குண்ணே?’ என்று அந்தப் பையன் விளையாட்டாகக் கேட்டான், அவர் சிரித்தார், படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, டாக்டரிடம் காட்டவில்லை, மனைவி லோகாவிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தார். அந்த வாரம்தான் மகள் மதிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று புனாவிலிருந்து போன் வந்தது. வீடு முழுக்க அதே பேச்சு. அதற்கு நடுவில் முட்டியை எங்கே வைப்பது.

வேலிக்கு அந்தப் பக்கம் தார் ரோட்டில் நடைப் பயிற்சிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். செருப்புச் சத்தம், அப்புறம் பேச்சு, வேலியோரம் தூதுவளையும் கோவைக்கொடியும் படர்ந்து மறைத்திருந்ததால் தலை மட்டும் தெரிந்து தெரிந்து மறைந்தது. காலனிச் சங்கத்துச் செயலாளரின் குரல் கேட்டது, யாரிடமோ சுகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார், சாப்பாட்டுக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு. ஒரு குரல் கொடுத்தால் போதும். ‘அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் வாங்க’ என்றால் நாலு பேர் ஓடி வருவார்கள், தூக்குவார்கள், பெஞ்சில் உட்கார்த்துவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், அதெல்லாம் சரி, சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிடும். இந்தத் தோட்டத் துண்டு அவருக்குக் கிடைத்ததே அப்படித்தான். பூங்காவுக்கென்று விட்டுச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த இடம், சங்கம் வெட்டிச் சுத்தம் பண்ணி, வேலி போட்டு, போர் இறக்கி, ரிட்டயர் ஆனவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தது. துண்டு கொஞ்சம், கேட்டவர்கள் அதிகம், அவர் பேர் காத்திருந்தவர்களோடு இருந்தது. செண்பகம் பிள்ளை ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார், மகன் ஓசூரிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனான், அவர் போட்டிருந்த தக்காளி பழுக்கக்கூட இல்லை, ‘சார்வாள், உங்களுக்கு ஒரு துண்டு காலியாயிருக்கு’ என்று செயலாளர் சிரித்த முகமாக வந்து நின்றார். அந்தத் தக்காளியைப் பறித்துத் தின்றவர் சிவசைலம்தான். நல்ல ருசி. அப்போது செண்பகம் பிள்ளையை நினைத்தாரா? நினைத்திருப்பார். ஒரு வாய் நினைத்திருப்பார். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. அடுத்த சுற்றுக்கு வருவார்கள், அப்போது பார்ப்போம், அதற்குள் தானே எழுந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை.

உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் வேறு மாதிரி இருந்தது. இலைகளின் அடிப்பக்கம் தெரிந்தது. மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது, வேப்பெண்ணெய் கரைத்து அடித்தும் போகவில்லை, மேலே நின்று அடித்தால் எப்படிப் போகும். அங்கங்கே மயில் கொத்திய தடம். மயில் ஒன்றுதான் இந்தத் தோட்டத்துக்கு நிஜமான சத்துரு, முளைத்த தக்காளி நாற்றை எல்லாம் ஒரே காலையில் பொறுக்கிவிட்டுத் தோகையை இழுத்துக்கொண்டு போகும், கல்லெடுத்தால் ‘முருகா’ என்று யாராவது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், திட்டக்கூட முடியாது. அப்படியும் வந்த செடி வரத்தான் செய்தது. முதல் முதலாக அவரைக்கொட்டை மண்ணைப் பிளந்துகொண்டு தலையைக் குனிந்தபடி வந்ததைப் பார்த்த அன்றைக்கு அவருக்குப் பழைய இருட்டறை ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின காலம். சிவப்பு விளக்கு, மருந்துத் தொட்டி, பிலிமை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சுற்றிலும் கருத்துக் கருத்து நடுவில் எலும்பு தெளிந்து வரும். எத்தனை ஆயிரம் பார்த்தும் அந்த நேரத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, யாருடைய கை, யாருடைய நெஞ்சு என்பதெல்லாம் அப்புறம்தான். பகல் முழுக்க இருட்டில் இருந்துவிட்டு, ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க’ என்று முகம் பார்க்காமல் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தால் வெயில். இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. லோகா இருந்தால் சொல்லியிருப்பாள். லோகா புனாவில் இருந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. வேலியில் சட்டை லேசாகத் துடித்தது. லோகாதான், காலையில் இந்த நேரத்துக்கு வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள், பேரன் பள்ளிக்கூட வேனில் ஏறிய பிறகு, மகளும் மருமகனும் குளித்துக் கிளம்புவதற்கு முன்னால், நடுவில் அவளுக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரம். எடுத்திருந்தால் கேட்டிருப்பாள். ‘சாப்ட்டியளா?’ ‘சாப்ட்டேன்.’ ‘என்ன?’ ‘இட்லி.’ ‘மாத்திரை?’ ‘போட்டாச்சு.’ ‘நல்லாருக்கியள்லா?’ ‘நல்லாருக்கேன், நீ?’ ‘எனக்கென்ன.’ தினமும் இதுதான், சொல் மாறாமல் இதுதான், சில நாள் வெண்டைக்காய் போட்டோ அனுப்புவார், அவள் கட்டைவிரல் படம் ஒன்று திருப்பி அனுப்புவாள். ஆறு மாசம் என்று சொல்லித்தான் போனாள். பிள்ளை தலை நிற்கட்டும். அப்புறம், தவழட்டும். மதிக்கு லீவு முடிந்துவிட்டது, நல்ல ஆயா கிடைக்கட்டும். கிடைத்த ஆயாவைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டும். சேர்த்தாயிற்று, பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுகிறான், யார் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவரும் போய்ப் பார்த்தார், பதினோராம் மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல், பேரன் வேலைக்காரியிடம் இந்தியில் பேசுகிறான், தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கிறான், அதற்கு மேல் அவர்களுக்குள் பாஷை இல்லை. மாதம் முடிவதற்குள் செடி காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஸ்டேஷனுக்கு லோகா வந்திருந்தாள். ‘செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லன்னு போறிய’ என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஏதோ இருந்தது, வாயில் இருந்தது, வண்டி நகர்ந்துவிட்டதா, அவள்தான் விழுங்கிவிட்டாளா. செடிக்கு ஆளில்லை என்று போகிறீர்கள், எனக்கு? அப்படியா? இல்லை, போங்க, யார் வேண்டாம் என்றது, என்று கோபமாகவா? அல்லது, உங்களுக்குத் தண்ணி ஊத்த யார் இருக்கா, என்று கரிசனமாகவா? மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார், ரயிலில் வைத்துப் பார்த்தார், அடுப்பு முன்னால் நின்று வைத்துப் பார்த்தார், எதை வைத்தாலும் அவள் குரல் பொருந்துகிறது. போன் நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை என்றால் பயப்படுவாளா, குளிக்கிறார் என்று நினைப்பாளா. இன்னொரு தடவை அடித்தால் பயப்படுகிறாள் என்று அர்த்தம். அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை. குளிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். சரி. நல்லது. பயப்படாமல் இருப்பதுதான் நல்லது.

பின்னால் குளிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தார், ஈரம். கத்தரிப் பாத்தி நிறைந்து, வரப்பு உடைந்து, தண்ணீர் சத்தமில்லாமல் வெண்டைக்குள் வந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன நாக்காக வந்தது, ஒரு இலைச் சருகைத் தள்ளிக்கொண்டு, ஒரு எறும்பை மிதக்கவிட்டு, லுங்கியைத் தொட்டு, தொட்டதும் லுங்கி தானாக இழுத்துக்கொண்டது. களைக்கொத்தால் மண்ணைச் சுரண்டி ஒரு கரை கட்டினார், இடது பக்கம் கட்டினால் வலது பக்கமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்துவிட்டது. இப்போது யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியதும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எக்ஸ்ரே மேஜையில் வயசாளிகள் அப்படி நனைத்துவிடுவார்கள். திரும்பிப் படுக்கச் சொன்னால் படுக்க மாட்டார்கள், பிடிவாதமாகச் சுருண்டுகொள்வார்கள், ஏன் என்று பிறகுதான் தெரியும். அவர் ஒன்றும் சொன்னதில்லை. துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்கள் முகத்தை அவர் பார்த்ததில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார், பார்த்திருக்கிறார், இப்போது ஒவ்வொன்றாக வருகிறது, ஒரு கிழவர் சீலிங் பேனையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு அம்மாள் ‘தண்ணி சிந்திட்டு’ என்று சொன்னாள். தண்ணி சிந்திட்டு. இவருக்கு நிஜமாகவே தண்ணிதான், ஆனால் யாரிடம் போய் நிஜத்தைச் சொல்வது.

கேட் கிரீச்சிட்டது. பியூலா டீச்சர். அடுத்த துண்டு அவர்களுடையது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் பீ.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், இன்னமும் நடக்கும்போது முதுகு வளையாது. கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள், தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நேராகக் குழாயடிக்குப் போய் அடைத்தார்கள்.

“அண்ணாச்சி, தண்ணி ஒடச்சுக்கிட்டுப் போய்க்கிட்டு இருக்கு. கவனிக்கலியா?”

“அடைக்கணும்னுதான் நினைச்சேன்” என்றார் சிவசைலம், செடிகளுக்கு நடுவிலிருந்து.

“உக்காந்தே களை எடுக்கியளா? அதான் நல்லது. குனிஞ்சு எடுத்தா நடு முதுகு போயிருது.”

“ஆமா. கோரை.”

“கோரை போகாது அண்ணாச்சி. நாமதான் போணும்.”

டீச்சர் தன் துண்டில் நின்று சிறுகீரையைக் கிள்ளத் தொடங்கினார்கள். கிள்ளிக்கொண்டே பேசினார்கள், நத்தை வந்துவிட்டது, உப்பைப் போட்டால் சாகுமாம், போட மனசு வரவில்லை, எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் எறிகிறேன், ராத்திரி திரும்ப வந்துவிடுகிறது, வழி தெரியும் போல. அவர் ‘ம்’ என்றார். களைக்கொத்தால் கோரை இல்லாத இடத்தைக் கொத்தினார், வேலை நடக்கிற சத்தம் கேட்க வேண்டும். சொல்லிவிடலாம். இவர்களிடம் சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது, கையைப் பிடித்துத் தூக்கு என்று ஒரு பெண்பிள்ளையிடம், மேலே சட்டையில்லாமல், கீழே இந்த ஈரத்தோடு. லோகாவிடமே அப்படிக் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். ‘என்னயப் பிடிச்சா கொறஞ்சா போயிருவிய’ என்றாள் ஒரு தடவை. டீச்சர் போய்விட்டால் வாட்ச்மேன் வருவான், மோட்டாரை நிறுத்த வந்தாக வேண்டும், ஆம்பிளை, அவனிடம் கேட்கலாம். அவன் மத்தியானம் வந்தாலும் வருவான். வெயில் ஏறும். ஏறட்டும்.

“வாரேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குக் கோயில்ல பாட்டு பழகணும். உங்களுக்குக் கீரை வேணுமா?”

“இருக்கட்டும்.”

நடந்தார்கள். கேட் மறுபடியும் கிரீச்சிட்டது. அவருக்குள் வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது, முழுசாக இருந்தது, பல்லுக்குப் பின்னால் வரை வந்து நின்றது. கேட்டின் கொண்டியை வெளியிலிருந்து போடும் சத்தம் கேட்டது.

“டீச்சர்.”

“என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல.” ஒரு காகம் வேலியில் வந்து உட்கார்ந்து பறந்தது. “டீச்சர், என்னால எந்திரிக்க முடியல.”

கொண்டி திறந்தது. டீச்சர் ஓடி வரவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை, கூடையை வரப்பில் வைத்துவிட்டுச் செடிகளை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்கள்.

“எந்தக் கால்?”

“எடது. முட்டி.”

“விழுந்தியளா, உக்காந்தியளா?”

“உக்காந்தேன். நனஞ்சிருக்கு, தண்ணி வந்துட்டு.”

“தண்ணி வந்தா நனையத்தான் செய்யும். எவ்வளவு நேரமா இருக்கிய?”

அவர் களைக்கொத்தை ஓரமாக வைத்தார். டீச்சர் திரும்பக் கேட்கவில்லை. பின்பக்கமாக வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய இரண்டு அக்குளுக்கு அடியிலும் கையைக் கொடுத்துக் கோர்த்தார்கள். வலது காலை மடக்குங்க, எடது நீட்டினபடி இருக்கட்டும், நான் சொன்ன பொறவு ஊணுங்க, முன்னால சாயாதீங்க, எம்மேல சாயுங்க. பவுடர் வாசனை வந்தது, கீரை வாசனை வந்தது. கடைசியாகத் தன்னைத் தொட்ட கை யாருடையது என்று அவர் யோசித்தார், முடி வெட்டுகிறவர், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி வைத்தார், அதற்கு முன்னால் புனா ஸ்டேஷன், லோகா பையை எடுத்துக் கொடுத்தபோது விரல் பட்டது. சாய்ந்தார். முழு எடையையும் விட்டுச் சாய்ந்தார், சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்று ஒரு பயம், விழவில்லை. வானம் ஒரு தடவை ஆடி நேரானது. நின்றுகொண்டிருந்தார். வெண்டையின் மேல்பக்கம் தெரிந்தது, அந்தப் பக்கம் ரோடும் தெரிந்தது, நடைப் பயிற்சிக்காரர்கள் யாரும் இல்லை.

குழாயடித் திண்டில் உட்கார வைத்து, தூணிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தார்கள் டீச்சர். “வரும்போது ரோட்டுலயே போன் சத்தம் கேட்டுது. அக்காவா?”

“ம்.”

“பேசுங்க.” பாட்டு பழகப் போகவில்லை. தன் துண்டின் கடைசி மூலைக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏற்கெனவே கிள்ளி முடித்த பாத்தியில் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பித்தானைப் போடாமலே சட்டையை மாட்டிக்கொண்டார். லோகாவின் பேரை அமுக்கினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எங்க போயிருந்திய?”

“தோட்டத்துலதான்.”

“ரெண்டு மட்டம் அடிச்சேன். மூணாவது அடிக்கப் பயமா இருந்துச்சு.”

பயமாக இருந்ததால் அடிக்கவில்லை. அவர் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். அந்தப் பக்கம் குக்கர் ஒரு தடவை சீறி அடங்கியது. இப்போது ‘சாப்ட்டியளா’ என்று கேட்பாள், கேட்டால் ‘சாப்ட்டேன்’ என்று வந்துவிடும், தானாக வந்துவிடும்.

“லோகா, உக்காந்தேன். எந்திரிக்க முடியல. ரொம்ப நேரம் கெடந்தேன். அடுத்த துண்டு டீச்சர் வந்துதான் தூக்கிவிட்டாக. ரொம்ப நாளாவே முட்டி போயிட்டு. சொல்லல.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், ஓடிக்கொண்டுதான் இருந்தது. திட்டுவாள். இங்கே வந்துவிடுங்கள் என்பாள். மதியைக் கூப்பிடுவாள், மதி ஆஸ்பத்திரி பேரெல்லாம் சொல்லுவாள்.

“எனக்கும்தான்” என்றாள் லோகா. குரலைத் தாழ்த்தியிருந்தாள், யாரோ பக்கத்து அறையில் இருந்தார்கள். “பிள்ளையத் தூக்கி இடுப்புல வைக்க முடியல இப்போ. குளிக்கதுக்கு உள்ள ஸ்டூலு போட்டிருக்கேன், தொவைக்கதுக்குன்னு மதிகிட்ட சொல்லியிருக்கேன். லிப்டு நிக்கிற அன்னைக்கு கீழயே எறங்கதில்ல. அவளுக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு இங்க இருக்கேன்னு ஆயிரும்லா.”

“எந்தக் கால்?”

“ரெண்டும்.”

ஆயிரம் முட்டி பார்த்தவர் அவர். இரண்டு என்றால் எப்படி இருக்கும், படி இறங்கும்போது எங்கே வலிக்கும், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வாள், எல்லாம் தெரிந்தது, அவளைப் படம் எடுக்காமலே தெரிந்தது. அவள் முட்டியைப் பிடித்து நீவிவிட வேண்டும் போல இருந்தது. கை நிறைய மண் இருந்தது. அந்தப் பக்கம் பேரன் எதையோ போட்டுக் கொட்டுகிற சத்தம் கேட்டது, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை போல.

“குக்கர எறக்கணும். வச்சிரட்டா?” என்றாள்.

“வைக்காத” என்றார் சிவசைலம். “எறக்கிட்டு வா. நான் இருக்கேன்.”

போனை எங்கேயோ வைத்துவிட்டு அவள் நடந்து போகும் சத்தம் கேட்டது, ஒரு காலை இழுத்து, நின்று, மறு காலை இழுத்து. அவர் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.